சாதாரண எஞ்சினுக்கு டர்போ: அளவான பணத்தை எந்தப் பாகத்தில் போடுவது?

புகையின் விசையால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் டர்போ இல்லாமல் வந்த பெட்ரோல் எஞ்சின் ஒன்றுக்கு அதைப் பொருத்த முடிவுசெய்பவர், கையில் இருப்பது அளவான பணம்தான் என்றாலும், முதலில் விலை விசாரிப்பது பெரும்பாலும் ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அடித்து உருவாக்கிய) பிஸ்டனைத்தான். எஞ்சினைப் பிரிக்காமலே ஓட்டுவது, தடித்த ஹெட் கேஸ்கட் போட்டு அமுக்க விகிதத்தை (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதை) குறைப்பது, பிரித்து பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கின் முனைகளுக்கிடையே உள்ள இடைவெளியையும் போல்ட்களையும் மட்டும் கவனிப்பது, அதே எஞ்சின் குடும்பத்தில் டர்போவுடன் வந்த பதிப்பின் பாகங்களைப் பழைய வண்டியிலிருந்து எடுப்பது, முழுவதும் ஃபோர்ஜ்டு பாகங்களுக்கு மாறுவது என்று அவர் முன் ஐந்து வழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வழியும் எஞ்சினின் வேறொரு பலவீனத்தைச் சரிசெய்கிறது. ஆகவே தன் எஞ்சினில் எது முதலில் போகும் என்று தெரியாதவர் இவற்றின் விலைகளை மட்டும் ஒப்பிட்டுப் பயனில்லை.

டர்போ ஏற்றிய எஞ்சினில் பெரும்பாலும் நான்கு காரணங்களில் ஒன்றால்தான் பாகங்கள் போகின்றன. முதலாவது நாக்கிங். தீப்பொறியிலிருந்து புறப்பட்ட சுடர் சீராகப் பரவி முடிவதற்குள் கலவையின் கடைசிப் பகுதி தானாகவே வெடித்துவிடும்போது எழும் அழுத்த அலை, வார்ப்புப் பிஸ்டனில் ரிங் பள்ளங்களுக்கு இடையே உள்ள மெல்லிய வரப்பைப் பெயர்த்துவிடுகிறது. இரண்டாவது வெப்பம். சூடேறி நீளும் ரிங்கின் இரு முனைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால், அதற்கு மேல் விரிய இடமில்லாமல் ரிங் சிலிண்டரைக் கீறும், அல்லது பிஸ்டனின் மேல்விளிம்பையே பிய்த்துக்கொண்டு வரும். மூன்றாவது டார்க், அதாவது முறுக்கு விசை. குறைந்த வேகத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் அளவுமீறினால், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளைகிறது. நான்காவது எஞ்சினின் சுழல்வேகம். இது ராடை வளைப்பதில்லை, இழுக்கிறது. அந்த இழுவை வேகத்தின் வர்க்கமாக வளர்வதால், 6500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) எஞ்சினை 7500 வரை ஓட்டினாலே ராட் போல்ட்களின் மேல் ஏறும் சுமை சுமார் 33 சதவீதம் கூடிவிடும். டர்போ பொருத்திய பிறகும் பழைய வேக வரம்பை உயர்த்தாமல் வைத்திருப்பவருக்கு இந்த நான்காவது கவலை அநேகமாக இல்லை. பணம் குறைவாக உள்ளவருக்கு இது பெரிய சலுகை. ஏனோ பலர் இதைப் பயன்படுத்திக்கொள்வதில்லை.

பேச்சு காற்றில் போகாமலிருக்க ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம்: நான்கு சிலிண்டர், 1.6 லிட்டர், போர் (சிலிண்டரின் விட்டம்) 81 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 77.6 மி.மீ., அமுக்க விகிதம் 10.5, தொழிற்சாலை நிலையில் 115 குதிரைத்திறனும் 145 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தருவது. எந்த வழியில் போவதானாலும் முதலில் கம்ப்ரஷன் சோதனையையும் லீக்டவுன் (காற்றுக் கசிவு) சோதனையையும் செய்துவிட வேண்டும். சிலிண்டர்களுக்கிடையே பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபாடு தெரிந்தால் அந்த எஞ்சின் டர்போவுக்கு முன் பழுதுபார்ப்பைக் கேட்கிறது என்றே கொள்ள வேண்டும்.

முதல் வழி, எஞ்சினுக்குள் கைவைக்காமல் வெளியே செலவிடுவது. பூஸ்ட், அதாவது டர்போ கூடுதலாகத் தரும் அழுத்தம், அரை பார் என்றால் வெளிக்காற்றைப்போல் ஒன்றரை மடங்கு அழுத்தம். ஆனால் அழுத்தினால் காற்று சூடேறும். வெளியே 30 பாகை செல்சியஸ் இருந்து, டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதமாக இருந்தால், அதிலிருந்து வெளிவரும் காற்று ஏறத்தாழ 83 பாகையில் இருக்கும். அந்தச் சூட்டோடு உள்ளே விட்டால் காற்றின் நிறை சுமார் 28 சதவீதம்தான் கூடும். இடையில் காற்றைக் குளிர்விக்கும் ஒரு நடுத்தர இன்டர்கூலர் அதை 46 பாகைக்கு இறக்கிவிட்டால் அதே பூஸ்ட்டில் 42 சதவீதம் கூடும், நாக்கிங் ஆபத்தும் பெருமளவு குறையும். இன்டர்கூலரைக் குதிரைத்திறன் கூட்டும் பாகமாக மட்டுமே பலர் பார்க்கிறார்கள். வார்ப்புப் பிஸ்டனை உயிரோடு வைத்திருக்கும் பாகமாகவே நான் அதைக் கணக்கிடுகிறேன்.

எரிபொருள் கணக்கும் இதே வகையைச் சேர்ந்தது. டர்போ எஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் என்று வைத்தால், 160 குதிரைத்திறனுக்கு நான்கு இன்ஜெக்டர்களும் 85 சதவீத நேரம் திறந்திருக்கும் நிலையில் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 290 மில்லிலிட்டர் தர வேண்டும். பழைய இன்ஜெக்டரால் அது முடியாதபோது, எரிபொருள் குறைந்து கலவை மெலிந்து, மேலே சொன்ன முதல் இரண்டு காரணங்களும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. ஆகவே போதிய இன்ஜெக்டர், அதற்கேற்ற எரிபொருள் பம்ப், பூஸ்ட்டில் காற்று-எரிபொருள் விகிதம் 11.5க்கும் 12க்கும் இடையே நிற்கிறதா என்று காட்டும் வைட்பேண்ட் சென்சார், பூஸ்ட் ஏற ஏற இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) பின்னுக்குத் தள்ளும் வசதியுள்ள ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஆகியவைதான் இந்த வழியின் உண்மையான செலவு. எஞ்சினை எவ்வளவு வலுப்படுத்தினாலும் இவற்றிலிருந்து தப்ப முடியாது என்பதால், இவற்றுக்கு ஒதுக்கிய பிறகு மிஞ்சும் தொகையைத்தான் மற்ற நான்கு வழிகளோடு ஒப்பிட வேண்டும்.

உயர்ந்த அமுக்க விகிதத்துடன் டர்போ சேராது என்று ஒரு பேச்சு உண்டு. 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் 10.25 அமுக்க விகிதத்துடனேயே டர்போ பொருத்தி விற்கப்பட்ட கார். நாக்கிங்கைத் தடுக்க நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை உள்ளே தெளிக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. வாங்கியவர்கள் அந்தத் திரவத்தை நிரப்ப மறந்தார்கள். பல கார்களில் பின்னர் டர்போவையே கழற்றிவிட்டார்கள். பொறியியலாகச் சரியாக இருந்த ஏற்பாடு ஓட்டுபவரின் பழக்கத்தை நம்பி நின்றதால் தோற்றது. தினமும் ஓட்டும் வண்டிக்கு நீர்-மெத்தனால் தெளிப்பை ஒரே பாதுகாப்பாக வைக்க நான் தயங்குவதற்கு இதுவே காரணம்.

பிரிக்காத எஞ்சினில் ராடைக் காப்பாற்றுவது பூஸ்ட் ஏறும் விதம். 2500 ஆர்பிஎம்மிலேயே முழு பூஸ்ட்டையும் தரும் சிறிய டர்போ ஓட்ட இனிமையானது. ஆனால் ராடுக்கு அதைவிடக் கொடியது இல்லை. சற்றுப் பெரிய டர்போ 3500க்கு மேல் மெதுவாக ஏறினால், மேலே அதே குதிரைத்திறன் கிடைத்தும் உச்ச டார்க் குறைவாகவே நிற்கும். ஈசியுவில் பூஸ்ட் கட்டுப்பாடு இருந்தால் தாழ்ந்த வேகத்தில், டர்போவுக்கு வரும் புகையில் ஒரு பகுதியை விலக்கிவிடும் வேஸ்ட்கேட்டைச் சற்றுத் திறந்துவைத்து இதையே செலவின்றிச் செய்துகொள்ளலாம்.

நண்பர் ஒருவரின் எஞ்சினைப் பிரித்தபோது இது எனக்கு உறைத்தது. ஐட்லிங்கில் லேசான நடுக்கம் என்பதைத் தவிர அவருக்கு வேறு புகார் இல்லை. கம்ப்ரஷன் சோதனையில் மூன்று சிலிண்டர்கள் 12 பார் காட்டின, மூன்றாவது சிலிண்டர் மட்டும் 11ஐச் சற்றுத் தாண்டியது. ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன்களை ஒவ்வொன்றாக உச்சிக்குக் கொண்டுவந்து டயல் கேஜை வைத்துப் பார்த்தால், மற்றவை பிளாக்கின் மேல்தளத்தோடு சமமாக நிற்க, அது மட்டும் அரை மில்லிமீட்டர் கீழே நின்றது. ராட் வளைந்து, அந்த அளவு குட்டையாகியிருந்தது. காரணத்தைத் தேடிப் போனால், வேஸ்ட்கேட்டுக்குப் போகும் ரப்பர் குழாய் கிளாம்ப் இல்லாமல் செருகப்பட்டிருந்து, ஒருநாள் நழுவி, பூஸ்ட் கட்டுப்பாடின்றி ஏறியிருக்கிறது. குறிப்பிட்ட பூஸ்ட்டைத் தாண்டினால் எரிபொருளை நிறுத்தும் வரம்பை ஈசியுவில் எழுதியிருந்தால் அந்த ராட் இன்றும் நேராக இருந்திருக்கும்.

இரண்டாவது வழியான தடித்த ஹெட் கேஸ்கட்டை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. நம் எஞ்சினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 400 மில்லிலிட்டர், அமுக்க விகிதம் 10.5 என்பதால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே எஞ்சும் இடம் சுமார் 42 மில்லிலிட்டர். கேஸ்கட்டை ஒரு மில்லிமீட்டர் தடிப்பாக்கினால் அதோடு ஐந்து மில்லிலிட்டர் சேர்ந்து, விகிதம் ஏறத்தாழ 9.5க்கு இறங்கும். கணக்கில் இது லாபம்போலத் தெரியும். ஆனால் பிஸ்டனின் ஓரம் ஹெட்டை நெருங்கும்போது, அங்கிருக்கும் கலவையை நடுவே பீச்சி வேகமாக எரியவைக்கும் குறுகிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரிலிருந்து இரண்டாகிவிடுகிறது. கலவை மெதுவாக எரிகிறது, ஓரத்தில் தங்கிய பகுதிக்குத் தானாக வெடிக்க நேரம் கிடைக்கிறது, எந்த நாக்கிங்குக்குப் பயந்து கேஸ்கட் மாற்றினோமோ அதற்கே வழிவிட்டதாகிறது. ஹெட்டைக் கழற்றும் கூலியும் சேர்கிறது. அமுக்க விகிதத்தை இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால் அதைப் பிஸ்டனின் தலையில் செய்ய வேண்டும்.

மூன்றாவது வழி, எஞ்சினைப் பிரித்து, பழைய பிஸ்டனையும் ராடையும் வைத்துக்கொண்டு, சிறு வேலைகளை மட்டும் செய்வது. இதில் போட்ட பணத்துக்கு அதிகப் பலன் தருவது ரிங் இடைவெளி. பாகத்துக்கு ஏறக்குறைய செலவே இல்லை, பொறுமைதான் வேண்டும். 81 மி.மீ. போரின் சுற்றளவு சுமார் 254 மி.மீ.; இரும்பாலான ரிங் ஒவ்வொரு 100 பாகைக்கும் ஏறத்தாழ 0.3 மி.மீ. நீளும். சிலிண்டர் சுவரோ தண்ணீரால் குளிர்ந்து, அந்த அளவுக்கு விரிவதில்லை. டர்போ இல்லாத எஞ்சினில் மேல் ரிங்குக்கு போரின் அளவில் ஆயிரத்தில் நான்கு பங்கு, அதாவது 0.32 மி.மீ. போதும். மிதமான பூஸ்ட்டுக்கு ஆயிரத்தில் ஐந்து பங்கு, 0.41 மி.மீ.; அதற்கு மேலே போகிறவர்கள் ஆயிரத்தில் ஆறு வரை, 0.49 மி.மீ. வைக்கிறார்கள். இரண்டாவது ரிங்குக்கு முதலாவதைவிடச் சற்றுக் கூடுதலாக விடுவது இன்றைய வழக்கம். இடையே மாட்டிய வாயு வெளியேறினால்தான் மேல் ரிங் தன் பள்ளத்தில் அடங்கி உட்காரும்.

வேலை இப்படிப் போகும். ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் ஓரங்குலம் கீழே நேராகத் தள்ளி, இடைவெளியில் ஃபீலர் கேஜை (தடிமன் குறித்த மெல்லிய தகடுகளை) நுழைத்துப் பார்க்க வேண்டும். வெளியே எடுத்து, ஒரு முனையை மட்டும், வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கி மட்டும் அராவ வேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் முகத்தில் பூசியிருக்கும் மாலிப்டினம் செதிலாகப் பெயரும். நான்கு இழுப்பு, மறுபடி அளவு, மறுபடி நான்கு இழுப்பு. 0.40 தகடு லேசாக உரசிக்கொண்டு நழுவி, 0.43 நுழைய மறுக்கும்போது நிறுத்த வேண்டும். பிறகு முனைகளின் பிசிரை எண்ணெய்க் கல்லில் தேய்த்து, எந்தச் சிலிண்டருக்கு அளந்த ரிங்கோ அதே சிலிண்டரின் பெயரெழுதிய உறையில் போட வேண்டும். எட்டு ரிங்குகளுக்கு அரை நாள் ஆகும். அவசரத்தில் கூடுதலாக அராவிவிட்ட ரிங்கைத் திரும்ப நீட்ட முடியாது.

ராட் போல்ட் விஷயம் வேறு. தரமான போல்ட் தொகுப்பின் விலை குறைவாகத் தெரிவதால், அதைக் கண்ணை மூடிக்கொண்டு பட்டியலில் சேர்க்கிறார்கள். ஆனால் புதிய போல்ட் கூடுதல் இறுக்கத்தோடு பிடிக்கும்போது, கிராங்கைப் பற்றும் ராடின் பெரிய துளை வட்டத்திலிருந்து சற்று நெளிகிறது. லேத் பட்டறையில் அதை மறுபடி வட்டமாக்கித்தான் பேரிங் போட வேண்டும். பழைய எஃகு ராடில், துளையின் கீழ்ப்பாதியான மூடியின் முகத்தைச் சிறிது தேய்த்துவிட்டுத் துளையை மறுபடி கடைந்துவிடலாம். இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் வரும் பொடி உலோக ராடிலோ மூடி வேண்டுமென்றே முறித்துப் பிரிக்கப்பட்டது. முறிந்த முகத்தின் கரடுமுரடுகள் ஒன்றோடொன்று பொருந்தித்தான் மூடி தன் இடத்தில் நிற்கிறது என்பதால் அங்கே தேய்க்க வழியில்லை. போல்ட்டின் விலையோடு இந்தக் கடைசல் கூலியையும் கூட்டிப் பார்த்தால், மலிவான ஃபோர்ஜ்டு ராட் தொகுப்பின் விலையை அது நெருங்கிவிடும். போல்ட் மாற்றுவது இழுவைச் சுமைக்கான மருந்து; வளைவுக்கு அது ஒன்றும் செய்யாது. வேக வரம்பை உயர்த்தாதவர் இதை விட்டுவிடலாம்.

ஹெட் போல்ட்டுக்குப் பதிலாகப் போடும் ஹெட் ஸ்டட்டையும் பல அடுக்கு எஃகு கேஸ்கட்டையும் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. அரை பாருக்குப் புதிய தொழிற்சாலை ஹெட் போல்ட்களே பெரும்பாலும் போதும். முறுக்கும்போது நிரந்தரமாக நீளும் வகை என்றால் கழற்றியவற்றை மறுபடி போடக்கூடாது. ஒரு பாரை நெருங்கினால் ஸ்டட் அவசியம். எஃகு கேஸ்கட் போடுபவர் ஹெட்டின் தளத்தையும் பிளாக்கின் தளத்தையும் மென்மையாகச் சீவித் தரச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் புது கேஸ்கட்டே கசியும்.

நான்காவது வழியைத்தான் பலர் பார்க்காமலே தாண்டிப் போகிறார்கள். தன் எஞ்சினின் குடும்பத்தில் டர்போவுடன் வந்த உடன்பிறப்பு உண்டா என்று முதல் நாளே தேட வேண்டும். டொயோட்டாவின் 2ஜேஇசட் குடும்பத்தில் ஜிஇ, ஜிடிஇ இரண்டுமே 86 மி.மீ. போரும் 86 மி.மீ. ஸ்ட்ரோக்கும் கொண்டவை, டர்போ இல்லாத ஜிஇயின் அமுக்க விகிதம் 10, டர்போவுடன் வந்த ஜிடிஇயின் விகிதம் 8.5. ஜிடிஇயில் பிஸ்டனின் அடிவயிற்றில் எண்ணெய் பீச்சிக் குளிர்விக்கும் ஜெட்டுகளும் உண்டு. வால்வோவின் பி230 எஞ்சினில் வேறு வகைப் பாடம் இருக்கிறது: 1990க்கு முந்தைய சில ஆண்டுகளின் ராடுகள் மெல்லியவை, அதற்குப் பிந்தையவை தடித்தவை. பெயர் ஒன்று, ஆண்டு வேறு, தாங்கும் டார்க் வேறு. தன் எஞ்சின் எந்த ஆண்டுடையது, அந்த ஆண்டில் எந்த ராட் வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள எந்தச் செலவும் இல்லை.

பழைய பாகம் வாங்கும்போது பிஸ்டன் பின்னின் விட்டம், பின்னிலிருந்து பிஸ்டன் தலை வரையிலான உயரம், ராடின் நீளம், ராட் பற்றும் கிராங்க் ஜர்னலின் அளவு ஆகிய நான்கும் பொருந்துகின்றனவா என்று அளக்க வேண்டும். ரிங் பள்ளம் தேய்ந்த பிஸ்டன் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ராடை நேராக இருக்கிறதா என்று சோதிக்காமல் பொருத்தக்கூடாது, முன்பு அது யாரிடம் என்ன பாடுபட்டதோ தெரியாது. எண்ணெய் ஜெட்டுக்கான துளைகள் டர்போ இல்லாத பிளாக்கில் துளைக்கப்படாமலே இருக்கலாம். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்க்கும்போது, டர்போ பதிப்பின் முழு எஞ்சினையும் அதன் மேனிஃபோல்ட், டர்போ, இன்ஜெக்டர், ஈசியுவோடு வாங்கி மாற்றுவதே பல சமயம் சிக்கனமாக முடிகிறது. எஞ்சின் எண் மாறுவதால் வண்டிப் பதிவில் திருத்தம் தேவைப்படலாம், அதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது வழியின் விலைச் சீட்டு உண்மையைப் பாதிதான் சொல்கிறது. 2618 என்ற அலுமினியக் கலவையில் செய்த பிஸ்டனில் சிலிக்கான் மிகக் குறைவு. அடி தாங்கும், ஆனால் சூட்டில் அதிகம் விரியும் என்பதால் சுவரோடு கூடுதல் இடைவெளி கேட்கும், காலையில் எஞ்சின் சூடேறும் வரை தட்டும் சத்தம் வரும். 4032இல் சுமார் 12 சதவீதம் சிலிக்கான் இருப்பதால் இடைவெளி குறைவாகப் போதும், சத்தமும் குறைவு. நாக்கிங்கைத் தாங்குவதில் முன்னதற்குச் சற்றுக் கீழே. தினசரி ஓட்டத்துக்கும் மிதமான பூஸ்ட்டுக்கும் 4032ஐயே நான் தேர்வேன். எதுவானாலும் பிஸ்டனைக் கையில் வைத்து அளந்த பிறகே சிலிண்டரைக் கடைய வேண்டும்; சிலிண்டர் சுவரைத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங், புதிய ரிங், புதிய பேரிங், எடை சமன்செய்தல் என்று பட்டறைக் கூலி பாகத்தின் விலையை எட்டிப்பிடிக்கும். இந்த அளவுக்குச் செலவிட்டவர் பூஸ்ட்டையும் ஏற்றாமல் விடமாட்டார். அப்போது கிளட்ச் நழுவும், அதை மாற்றினால் கியர்பாக்ஸ் முனகும்.

நாம் எடுத்துக்கொண்ட எஞ்சினுக்கு என் தீர்ப்பு இதுதான். இலக்கு 200 நியூட்டன் மீட்டரை ஒட்டியிருந்தால், அதாவது பழைய டார்க்கின் 1.4 மடங்குக்குள் நின்றால், எஞ்சினைத் திறக்கவே வேண்டாம்; முதல் வழியின் பட்டியலில் ஒன்றையும் குறைக்காமல் செய்தால் போதும். டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பும் குழாய், எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே, வளைவின்றி இறங்குகிறதா என்பதை மட்டும் மறவாமல் பார்க்க வேண்டும். ரிங் தேய்ந்து எப்படியும் பிரிக்க வேண்டிய எஞ்சின் என்றால், அதே கையோடு மேல் ரிங்கை 0.41க்கு அராவிவிடுவது இலவசக் காப்பீடு. 250ஐ நோக்கிப் போகிறவருக்கு அந்தக் குடும்பத்தின் டர்போ பதிப்பு கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. அது இல்லாத குடும்பத்தில் ஃபோர்ஜ்டு பாகங்களுக்குப் போக வேண்டிவரும். ஃபோர்ஜ்டு பிஸ்டன், ராட் இரண்டையும் ஒரேயடியாக வாங்க முடியாதவர் பிஸ்டனை விட்டு ராடை மட்டும் வாங்கலாம். டியூனிங் சரியாக இருந்தால் வார்ப்புப் பிஸ்டன் அந்த டார்க்கிலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், தொழிற்சாலை ராட் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. டியூனிங் தவறாக இருந்தால் ஃபோர்ஜ்டு பிஸ்டனும் சில நிமிடங்கள் கூடுதலாகத் தாங்கிவிட்டு உருகும். மாஸ்டா எம்எக்ஸ்-5இன் முதல் இரண்டு தலைமுறை எஞ்சின்களுக்கு டர்போ போட்டவர்கள் ராடிலிருந்து தொடங்கியதற்கு இதுதான் காரணம். அங்கே முதலில் வளைவது அதுதான்.